மடிக்கணினிக்குப் பெரிய ஸ்பீக்கர்: எத்தனை வாட் வேண்டும்?

ஒரு சோடி பெரிய ஸ்பீக்கரின் கம்பிகளை மடிக்கணினியின் இயர்போன் துளையில் நேராகச் சொருகினால் என்ன ஆகும்? பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகாது. பாட்டும் வரும். ஆனால் கேட்பதற்குக் காதைப் பாக்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பாடகர் குரல் ஓரளவு தேறும். தவில் இருக்கிற இடமே தெரியாது.

சோதித்துப் பார்க்கப் பல வீடுகளில் பொருள் தயாராகவே இருக்கிறது. 1990களிலும் 2000களிலும் வாங்கிய மினி ஸ்டீரியோ செட்டில் முதலில் கேசட் பகுதி போகும், அப்புறம் சிடி பகுதியின் லென்ஸ் போகும். பாக்ஸ்கள் மட்டும் லேசில் போகாது. காந்தம், செம்புச் சுருள், காகிதக் கூம்பு, சுற்றி ஒரு மரப்பெட்டி. கெட்டுப்போக உள்ளே அதிகம் இல்லை. அவை பரணில் கிடக்க, கீழே மேசையில் கட்டைவிரல் அளவு ஸ்பீக்கர் கொண்ட மடிக்கணினியில் இளையராஜாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க எவ்வளவு ஆகும்? கடையில் சொல்லும் வாட் கணக்கை நம்பினால் பல ஆயிரம் ஆகும். காதுக்கு உண்மையில் தேவைப்படும் வாட்டைக் கணக்குப் போட்டால் சில நூறு ரூபாயிலேயே தொடங்கலாம்.

முதலில் அந்த மெலிந்த ஒலிக்குக் காரணத்தைப் பார்ப்போம். மடிக்கணினியின் இயர்போன் துளை, முழு வால்யூமில் சுமார் 1 வோல்ட் தரும். 32 ஓம் இயர்போனை மாட்டினால் 31 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஓடும். ஆற்றல் 31 மில்லிவாட். காதுக்குள்ளேயே உட்காரும் கருவிக்கு அது தாராளம். வீட்டு ஸ்பீக்கரோ பெரும்பாலும் 8 ஓம். அதே 1 வோல்ட்டை அதன் முனைகளில் நிறுத்த 125 மில்லிஆம்பியர் வேண்டும், அதாவது நான்கு மடங்கு. கணினிக்குள் இருக்கும் ஒலிச் சில்லை அதற்காக யாரும் செய்யவில்லை. அவ்வளவு மின்னோட்டம் கேட்டதும் மின்னழுத்தம் சரிகிறது, அலையின் உச்சிகள் மழுங்குகின்றன.

அடித்தொனி காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல கணினிகளில், முக்கியமாகப் பழையவற்றில், இயர்போன் துளைக்கு முன்னால் ஒரு கெபாசிட்டர் இருக்கும். நேர்மின்சாரத்தை நிறுத்தி ஒலி அலையை மட்டும் வெளியே விடுவது அதன் வேலை. எவ்வளவு தாழ்ந்த அலைவரை விடும் என்பது எதிரே மாட்டியிருக்கும் மின்தடையைப் பொறுத்தது. 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 32 ஓம் இயர்போனுடன் சுமார் 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதையே 8 ஓம் ஸ்பீக்கருடன் மாட்டினால் 200 ஹெர்ட்ஸிலேயே கதவைச் சாத்தத் தொடங்கிவிடும். தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கமும் பேஸ் கிதாரின் பெரும்பகுதியும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன.

ஆக, கணினி உருவாக்கும் அலையின் வடிவத்தில் குறையில்லை. அதைத் தள்ளும் வலுதான் போதவில்லை. இடையில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்பது இதனால்தான். எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் என்ற இடத்தில்தான் எல்லோரும் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஸ்பீக்கர்களுக்கு 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் அளவு உண்டு. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர்களில் 85 முதல் 90 வரை இருக்கும். 87 என்று எடுத்துக்கொள்வோம். நாற்காலி இரண்டரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது. திறந்தவெளியில் அந்தத் தூரத்துக்கு 8 டெசிபல் குறையும். அறையின் சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவதால் 6 குறைவதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடுவதால் 3 கூடும். ஆக, பாக்ஸுக்கு 1 வாட் வீதம் கொடுத்தால் நாற்காலியில் 84 டெசிபல்.

84 என்பது எவ்வளவு? இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் அளவில் இருக்கும். கூடத்தில் ரசித்து, கொஞ்சம் தாராளமாகவே வைத்துக் கேட்கும் பாட்டு 75. அதாவது நம் 84ஐவிட 9 டெசிபல் கீழே. ஒவ்வொரு 3 டெசிபல் குறைவுக்கும் ஆற்றல் பாதியாகும் என்பதால், 9க்கு எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் சராசரியாக நமக்குத் தேவை பாக்ஸுக்கு 0.125 வாட்.

அந்த எண்ணை முன்பே பார்த்துவிட்டோம். 1 வோல்ட்டில் 125 மில்லிஆம்பியர் ஓடினால் கிடைக்கும் ஆற்றல் அதுவேதான். சராசரி ஒலியை மட்டும் பார்த்தால், இயர்போன் துளையின் வோல்ட்டேஜே போதும், மின்னோட்டம்தான் இல்லை!

ஆனால் இசை சராசரியில் ஓடுவதில்லை. தாளம் விழும் கணத்தில் அலை சராசரியைவிட 15 டெசிபல், சில பதிவுகளில் 20 டெசிபல்கூட மேலே எழும். 15 டெசிபல் என்றால் 32 மடங்கு ஆற்றல். நம் கணக்கில் 4 வாட். 20 என்றால் 100 மடங்கு, 12.5 வாட். ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே நீடிக்கும் இந்த உச்சிகளுக்காகத்தான் ஆம்ப்ளிஃபயரில் கையிருப்பு வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் உச்சி தட்டையாக வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பு. உயர் தொனிகளைப் பாடும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு அதைவிட மோசம்: வெட்டுப்பட்ட அலையில் உயர் அலைவரிசைகள் புதிதாக முளைக்கும், அவை அதன் மயிரிழைச் சுருளைச் சூடேற்றும். இருந்தாலும் கையிருப்பையும் சேர்த்த கணக்கு பாக்ஸுக்கு 10 முதல் 15 வாட்டில் முடிந்துவிடுகிறது. 100 வாட் வாங்கினால் என்ன கூடும்? 50க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரியும், தனியாகக் கேட்டால் ஊகிப்பது கடினம். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

வாட் என்ற சொல்லை நம் ஊர்க் கடைகளில் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் கணினி ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் '1000 வாட் பிஎம்பிஓ' என்று எழுதியிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பிஎம்பிஓ என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அச்சடிப்பவர் மனசுதான் அளவு. அமெரிக்காவில் இந்தக் கூத்து முன்பே நடந்து, 1974இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஆம்ப்ளிஃபயர்களுக்கென்றே ஒரு விதியைக் கொண்டுவந்தது. தொடர்ச்சியாக எத்தனை வாட், எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு என்று சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. நமக்கு அதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 24 வாட். உள்ளே போகாத வாட் வெளியே தொடர்ந்து வர வழியில்லை.

இன்றைய ஸ்பீக்கரின் மூதாதையும் சிறிய வாட்டில்தான் பிறந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் வழியாகத்தான் காந்தப்புலத்தில் சுருள் அசைந்து கூம்பைத் தள்ளும் வடிவம் நிலைபெற்றது. அடுத்த ஆண்டு ரேடியோலா 104 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது கூடவே ஓர் ஆம்ப்ளிஃபயரும் பெட்டிக்குள் இருந்தது. அதன் ஆற்றல் சுமார் 1 வாட்.

நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த அமைப்பில் ஒரு குறை தீரவில்லை. கொடுக்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ஒலியாகிறது. 87 டெசிபல் ஸ்பீக்கரில் ஆயிரத்தில் மூன்று பங்கு; மிச்சம் அத்தனையும் சுருளில் வெப்பமாகப் போகிறது. 93 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்துக்கு நான்கில் ஒரு பங்கு வாட்தான் கேட்கும். அதனால் நல்ல சென்சிட்டிவிட்டி உள்ள பழைய பாக்ஸ் கையில் இருந்தால், ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய வாட்டில் முக்கால் பங்கு ஏற்கெனவே மிச்சமாகிவிட்டது என்று பொருள்.

பாக்ஸ் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. எட்கர் வில்ச்சூர் 1954இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரை உருவாக்கினார். காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டி, உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங். அந்தக் காலத்தில் அலமாரி அளவுப் பெட்டிகள் தந்த அடித்தொனியைப் புத்தக அடுக்கில் வைக்கும் பெட்டி தந்தது. விலையாக அது சென்சிட்டிவிட்டியைக் கொடுத்தது. ஆம்ப்ளிஃபயர்கள் பெரிதாக வேண்டியிருந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஆன்டன் ஹாஃப்மன்; கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்து அவருடையது. சிறிய பெட்டி, ஆழமான அடித்தொனி, அதிக சென்சிட்டிவிட்டி: மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் வைத்துக்கொள்ள முடியும். சென்சிட்டிவிட்டி மாறாமல் அடித்தொனியைப் பாதி அலைவரிசைக்கு இறக்க வேண்டுமானால் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். மடிக்கணினிக்குள் இருக்கும் ஸ்பீக்கரை எந்த மென்பொருளாலும் ஓர் எல்லைக்கு மேல் காப்பாற்ற முடியாததற்கு இதுவே காரணம். பட்ஜெட் குறைவென்றால் காசைப் பாக்ஸில் போட வேண்டும் என்று நான் நினைப்பதற்கும் இதுவே காரணம். ஆம்ப்ளிஃபயர் மலிந்துவிட்டது, மரப்பெட்டியின் கொள்ளளவு மலியவில்லை.

ஆம்ப்ளிஃபயர் எப்படி மலிந்தது? பழைய முறை ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர், ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய அளவை விட்டுவிட்டு மிச்சத்தைத் தன் மேலேயே தாங்கி வெப்பமாக்கும். ஏபி வகுப்பு எனப்படும் அந்த முறையின் திறன் உச்ச நிலையில்கூடக் கோட்பாட்டளவில் 78.5 சதவீதத்தைத் தாண்டாது; மெதுவாகப் பாடும்போது இன்னும் குறையும். அதனால்தான் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினிய ஹீட்சிங்கும் வேண்டியிருந்தன. ரேடியோ மெக்கானிக்குகளின் கையில் தலைமுறையாகப் புழங்கிய 4440 ஐசி இந்த ரகம். சான்யோ நிறுவனத்தின் அந்தச் சில்லு, கார் பேட்டரி அளவு மின்னழுத்தத்தில் இரண்டு சேனலுக்கும் 6 வாட் வீதம் தரும். மேலே போட்ட கணக்கின்படி அதுவே மோசமில்லை!

டி வகுப்பு வேறு வழியில் போகிறது. வீட்டு மின்விசிறியின் பழைய பெரிய ரெகுலேட்டர் தொட்டால் சுடும், ஏனென்றால் வேண்டாத மின்சாரத்தைத் தடைக்கம்பியில் எரிக்கிறது. இப்போதைய சின்ன ரெகுலேட்டர் சுடுவதில்லை, ஏனென்றால் மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. டி வகுப்பும் விட்டு விட்டு அனுப்புவதுதான், நொடிக்குச் சில லட்சம் முறை. டிரான்சிஸ்டர் ஒன்று முழுதாகத் திறந்திருக்கும், அல்லது முழுதாக மூடியிருக்கும். இரண்டு நிலையிலும் அது வீணாக்குவது சொற்பம். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஒலி அலையின் வடிவம் எழுதப்படுகிறது. கடைசியில் ஒரு சுருளும் கெபாசிட்டரும் அந்த வேகத் துடிப்பை வடிகட்ட, இசை மட்டும் ஸ்பீக்கருக்குப் போகிறது. திறன் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

யோசனை பழையது. இங்கிலாந்தின் கிளைவ் சின்க்ளேர் 1964இலேயே எக்ஸ்-10 என்ற பெயரில் டி வகுப்பு ஆம்ப்ளிஃபயரை உதிரிப்பாகத் தொகுப்பாக விற்றார். பெயரில் பத்து, நிஜத்தில் இரண்டரை வாட்தான் வந்தது. அன்றைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. காரியம் கைகூட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்திய வம்சாவளியினரான ஆத்யா திரிபாதி கலிஃபோர்னியாவில் தொடங்கிய டிரைபாத் நிறுவனம் 1998இல் டிஏ2020 என்ற சில்லைக் கொண்டுவந்தது. அதன் தம்பியான டிஏ2024ஐ வைத்து 40 டாலருக்கும் குறைவாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஆம்ப்ளிஃபயர் வந்தபோது, பல்லாயிரம் டாலர் கருவிகளை விமர்சிப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எட்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடும் சாமான் அது. 2009இல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ், உலகை உலுக்கிய 25 சில்லுகளின் பட்டியலில் டிஏ2020ஐச் சேர்த்தது. நிறுவனம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திவாலாகியிருந்தது.

வழி திறந்ததும் பெரிய நிறுவனங்கள் நுழைந்தன. இன்று சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் அதிகம் கிடைக்கும் போர்டுகளில் உட்கார்ந்திருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 அல்லது அதன் உறவுகள். வெறும் போர்டாகச் சில நூறு ரூபாய். பெட்டியும் வால்யூம் திருகும் போட்டு வந்தால் சில ஆயிரம். 26 வோல்ட் வரை தாங்கும் என்பதால், செத்துப்போன பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரே இதற்குக் கச்சிதமான மின்வழி. 19 வோல்ட்டில் 8 ஓம் பாக்ஸுக்கு 20 வாட் அளவில் கிடைக்கும். 12 வோல்ட் அடாப்டரில் 7, 8 வாட். 230 வோல்ட் பக்கம் கையே போகாமல் வேலை முடிகிறது என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

ஓர் எச்சரிக்கையைத் தாண்டிப் போக முடியாது. இந்தப் போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலுமே உயிர் இருக்கும். கறுப்பு முனை 'எர்த்' கிடையாது. பழைய பழக்கத்தில் இரண்டு பாக்ஸின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கினாலோ, அடாப்டரின் நெகட்டிவில் சேர்த்தாலோ சில்லு போய்விடலாம். பாக்ஸின் பின்னால் எழுதியிருக்கும் ஓமையும் பார்த்துவிட வேண்டும். சில மினி செட் பாக்ஸ்கள் 3 ஓம். 4 ஓமுக்கு உரிய போர்டை அவை திணறடிக்கும்.

மேசையிலேயே வைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் மலிவான வழியும் உண்டு. யூஎஸ்பியின் 5 வோல்ட்டிலேயே ஓடும் பிஏஎம்8403 போர்டு 4 ஓமில் 3 வாட் வரை தரும். முக்கால் மீட்டர் தூரத்துக்கு அது போதுமென்று மேலே உள்ள கணக்கே சொல்லும். தொல்லை வேறிடத்தில் வரும். மின்சாரமும் ஒலியும் ஒரே கணினியிலிருந்து வருவதால், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி கேட்கும். இரண்டு தரைக் கம்பிகள் சேர்ந்து ஒரு வளையமாகி, கணினியின் உள்ளிரைச்சல் அதன் வழியே ஒலிப்பாதையில் ஏறுகிறது. தனி அடாப்டர் வைத்தாலும், மடிக்கணினி சார்ஜரோடு இருக்கும்போது மட்டும் 'உர்' என்று இரைவது உண்டு. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் நோய் இதுதான். இரண்டு அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகிப் பார்க்கலாம். அடங்காவிட்டால், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை இடையில் போட வேண்டும். இல்லை, ப்ளூடூத்துக்கு மாறிவிடலாம், கம்பியே இல்லாததால் வளையமும் இல்லை. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் வைத்தியம் ஒன்று ஊரில் உலவுகிறது. அது உயிரோடு விளையாடுவது.

கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வேண்டியது ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களும் கொண்ட சாதாரண வயர். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரே கையில் இருந்தால் 'ஆக்ஸ்' என்ற துளையில் போடுங்கள். 'ஃபோனோ' இசைத்தட்டின் சில மில்லிவோல்ட்டுக்கானது. 1 வோல்ட்டை அங்கே விட்டால் அலறும். கணினியின் வால்யூமை முக்காலுக்கு மேல் நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரின் திருகில் கூட்டிக் குறைப்பது நல்லது. தலைகீழாகச் செய்தால் மெலிந்த சமிக்ஞையோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றித் தரும், வெளியே மாட்டும் டாக் கருவிகளை இந்தக் கட்டத்தில் வாங்க வேண்டியதில்லை. ஜாக்கில் கேட்கும்படி இரைச்சல் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பரணிலிருந்து இறக்கிய பாக்ஸை மாட்டும் முன் வலையைக் கழற்றிக் கூம்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் விளிம்பானால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஃபோம் விளிம்பானால் பத்து, இருபது ஆண்டில் பொடிந்துவிடும், கடலோர ஈரத்தில் இன்னும் சீக்கிரம். அதற்காகப் பாக்ஸை எடைக்குப் போட வேண்டாம். விளிம்பு தனியாகக் கிடைக்கிறது, ஸ்பீக்கர் ரிப்பேர் கடைகளில் ஒட்டியும் தருவார்கள். சுருள் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கம் காட்டுவது இயல்பு, ஏனென்றால் மீட்டர் அளப்பது கம்பியின் மின்தடையை மட்டுமே.

கடைசியாக ஒரு பென்டார்ச் பேட்டரி. அதன் பாசிட்டிவைச் சிவப்பு முனையிலும் நெகட்டிவைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால் அடித்தொனி தரும் ஊஃபரின் கூம்பு 'டப்' என்று முன்னால் வரும். இரண்டு பாக்ஸும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் போனால் ஒன்று தள்ளும் காற்றை மற்றது உறிஞ்சி, இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த அடித்தொனியைத் தின்றுவிடும். ஏதாவது ஒரு பாக்ஸின் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிச் சொருகினால் சரியாகிவிடும்.